தண்ணீரும் சுத்தியலும்: 6 எம்எம் டேஷர் கூடு செய்யும் ஹைட்ரோ டை, வாங்கலாமா?

ரைபிள் தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுடாமலே புது வடிவத்துக்குக் கொண்டுவரும் கருவிதான் ஹைட்ரோ ஃபார்மிங் டை. டை என்றால் உள்ளே வடிவம் குடைந்த எஃகு அச்சு. கூட்டுக்குள் தண்ணீரை நிரப்பி, வாயில் ஒரு பிஸ்டனைச் செருகி, மேலிருந்து சுத்தியலால் அடித்தால் பித்தளை உள்ளிருந்து ஊதி டையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் ஹார்னடி, விட்டன் கன்வொர்க்ஸ் போன்றவர்கள் இந்த வகை டையைச் செய்து விற்றிருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது பிரெஸ்ஸில், அதாவது தோட்டா வேலைக்கான நெம்புகோல் கருவியில், திருகி மாட்டும் வகையை. வேலை, 6 எம்எம் டேஷர் என்ற ரைபிள் தோட்டாவுக்குக் கூடு செய்வது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்ல கருவி. ஆனால் இதிலிருந்து வெளியே வருவது முடிந்த கூடு அல்ல, முக்கால்வாசிக்கு மேல் முடிந்த கூடு. அது தெரிந்து வாங்குபவருக்கு ஏமாற்றம் இருக்காது. அடித்து எடுத்து நேராகப் போட்டிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்து வாங்கினால் காசு தண்டம்.

டேஷர் வைல்ட்கேட் வகையாகப் பிறந்தது. தொழிற்சாலை அளவை வைத்துக்கொண்டு யாரோ தம் பட்டறையில் உருமாற்றிய தோட்டாவை அமெரிக்கர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். காட்டுப்பூனை, யாருக்கும் கட்டுப்படாதது. டேன் டவுலிங், ஆல் ஆஷ்டன் இருவரும் சேர்ந்து உருவாக்கியது இது. தாய்க்கூடு 6 எம்எம் நார்மா பிஆர், சுருக்கமாக 6 பிஆர். அதன் தோளை, அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவை, சுமார் 0.100 அங்குலம் முன்னால் தள்ளி, 30 டிகிரியாக இருந்த தோள் சாய்வை 40 டிகிரியாக நிமிர்த்தி, உடலின் கூம்பைக் குறைத்தால் டேஷர். தண்ணீர் ஊற்றி எடை போட்டால் 38 கிரெய்ன் சொச்சம் பிடித்த கூடு 41 கிரெய்ன் அளவுக்குப் பிடிக்கும் (ஒரு கிரெய்ன் என்பது சுமார் 0.065 கிராம்). வெறும் 3 கிரெய்ன் கூடுதல்தான். மேஜைமேல் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் 600 கஜப் பெஞ்ச்ரெஸ்ட் பந்தயங்களில் இந்தச் சின்னக் கூடு பேர் வாங்கியது அந்த 3 கிரெய்னால் மட்டுமல்ல, மூலக்கூடு அத்தனை சீரானது என்பதாலும்தான்.

லேத் பட்டறையில் பேசுகிற பேச்சில் சொன்னால், தோள் நூறு தௌ முன்னால் போக வேண்டும் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இந்த நூறு தௌதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

சாதாரண 6 பிஆர் தோட்டாவை டேஷர் சேம்பரில், அதாவது குழாயில் தோட்டா உட்காரும் அறையில், போட்டால் தடையில்லாமல் உள்ளே போகும், பின்னால் அதை அடைக்கும் போல்ட்டும் மூடும். ஆபத்தே அதுதான். கூட்டின் தோளுக்கும் சேம்பரின் தோளுக்கும் நடுவே நூறு தௌ வெற்றிடம் இருக்கிறது. ஊசி அடிக்கும்போது கூடு முன்னால் நகரும். மருந்து பற்றி அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்பகுதி முதலில் விரிந்து சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பகுதியோ பின்னால் போல்ட் முகத்தை நோக்கித் தள்ளப்படும். நடுவில் இழுபடும் இடம், அடியிலிருந்து கொஞ்சம் மேலே, உள்ளே மெலிந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாக ஒரு மெல்லிய வளையம் தெரியும், அவ்வளவுதான். வளைந்த கம்பி நுனியை உள்ளே விட்டுத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூடு அடுத்த சில சுற்றுகளில் இரண்டாகப் பிரியும்.

இதைத் தவிர்க்கத்தான் பொய்த்தோள் முறை. கழுத்தை மேண்ட்ரல் என்ற உருளைக் கம்பியால் அகலப்படுத்தி, பிறகு கழுத்தைச் சுருக்கும் வளையமுள்ள புஷிங் டையால் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். போல்ட் மூடும்போது லேசாக ஒரு இறுக்கம் கையில் தட்டுகிற இடத்தில் நிறுத்தினால், கழுத்தின் நடுவில் ஒரு சின்னப் படி நின்றுவிடும். அந்தப் படி சேம்பரில் முட்டிக்கொள்வதால் கூடு பின்பக்கம் போல்ட்டோடு ஒட்டி நிற்கும், முதல் சூட்டில் தோள் முன்னால் ஊதி வடிவம் பெறும். குண்டைக் குழாயின் உட்சுருள் வரியான ரைஃபிளிங்கில் அழுத்தி நிறுத்தி அதே பலனைப் பெறுவோரும் உண்டு. ஆனால் கழுத்தின் பிடிப்பு ஒரு கூட்டில் தளர்ந்திருந்தாலும் அந்த நம்பிக்கை கெட்டுவிடும். பொய்த்தோளே மேல்.

சரி, அந்த முறையே போதுமே, எதற்கு ஹைட்ரோ டை? குழாய்தான் காரணம். டேஷர் குழாயின் நல்ல ஆயுள் சுமார் 2,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கூடு உருவாக்க 200 முறை சுட்டால் பத்தில் ஒரு பங்கு ஆயுள், பந்தயத்துக்கு முன்பே போயிற்று. அதோடு 200 பிரைமர் (கூட்டின் அடியில் வைத்து மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் குப்பி), 200 குண்டு, மருந்து, மைதானத்தில் இரண்டு நாள். தண்ணீருக்குக் காசில்லை.

டையின் கட்டுமானம் எளிது. எட்டில் ஏழு அங்குலம், 14 திரெட் என்ற வழக்கமான மறைதான். பெரும்பாலான ஒற்றை நிலைப் பிரெஸ்களில் ஏறும். உள்ளே டேஷர் வடிவம் குடையப்பட்டிருக்கும். மேலே திறந்த வாய், அதற்குள் கூட்டின் கழுத்துக்குச் சரியாகப் பொருந்தும் பிஸ்டன். கீழே கூடு உட்காரும் ஷெல்ஹோல்டர். வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது இந்த ஹோல்டரைத்தான். சாதாரண ஷெல்ஹோல்டரின் நடுவில் பழைய பிரைமர் விழுவதற்கான துளை இருக்கும். ஹைட்ரோ வேலைக்கு அது ஆகாது. தண்ணீர் அழுத்தம் பிரைமரைக் கீழே பிதுக்கிவிடும். துளையில்லாத, தட்டையான முகமுள்ள ஹோல்டர் வேண்டும். டையோடு அது வருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடிப்பதற்கு முன் செய்யும் தயாரிப்பில்தான் பாதி வெற்றி. புதுக்கூடு நல்லது. லபுவா 6 பிஆர் கூடுகள் கழுத்திலும் தோளிலும் பதம் தளர்த்திய நிறம் தெரியவே வருகின்றன, பித்தளை இளகுவாக இருக்கும். பலமுறை சுட்ட கூட்டை எடுத்தால் முதலில் அனீல் செய்து, அதாவது சூடாக்கிப் பித்தளையை இளக்கிவிட்டுத்தான் தொடவேண்டும், இல்லையென்றால் கழுத்து கீறிக்கொள்ளும். புதுக்கூடுகளின் வாய் பெட்டியில் ஒன்றோடொன்று இடித்துக் கொஞ்சம் நெளிந்திருக்கும். மேண்ட்ரலை ஒருமுறை விட்டு எடுத்தால் வட்டமாகும். வாய் வட்டமாக இல்லாவிட்டால் பிஸ்டன் ஒரு பக்கம் உரசி மறுபக்கம் தண்ணீரைக் கக்கும்.

அடுத்து, பிரைமரின் தீ உள்ளே போகும் அடித்துளையான தீக்கண் அடைபட வேண்டும். அதற்குச் சுட்டுக் கழித்த பழைய பிரைமரைக் குழியில் அழுத்தி வைப்பதே வழக்கம். கழித்தது என்பதை இருமுறை பாருங்கள்: ஊசி பட்ட குழி தெரிய வேண்டும். உயிருள்ள பிரைமரை வைத்துச் சுத்தியலால் அடிப்பதைப் பற்றி மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை. ஹைட்ரோ வேலைக்கென்று ஒரு டப்பா பழைய பிரைமரைத் தனியாக வைத்துக்கொண்டால் அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். வேலை நடக்கும் மேஜையில் உயிருள்ள பிரைமர் டப்பாவே இருக்கக் கூடாது, மருந்தும் கூடாது.

கூட்டின் வெளிப்புறத்தில் எண்ணெய் தடவுவது பலருக்குக் கைப்பழக்கம். இங்கே மிக மெல்லியதாக மட்டும், விரலில் ஒட்டியது போதும். டைக்கும் கூட்டுக்கும் இடையே சிக்கிய எண்ணெய்க்குப் போக வழியில்லை. அது நின்ற இடத்தில் பித்தளை சுவரைத் தொடாமல் ஒடுக்கு விழும். சுட்ட கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் சைஸிங் டையில் தோளில் விழுகிற அதே ஒடுக்குதான், காரணமும் அதேதான்.

இப்போது அடி. கூட்டை ஹோல்டரில் வைத்து, பிரெஸ்ஸில் ஏறியிறங்கும் தண்டான ராமை மேலே ஏற்றி நிறுத்துங்கள். சிரிஞ்சால் தண்ணீர் விட்டு வாய்வரை நிரப்புங்கள். டையை விரலால் இரண்டு முறை தட்டினால் உள்ளே ஒட்டியிருந்த காற்றுக்குமிழி மேலே வரும். மறுபடி ஒரு சொட்டு. குமிழி இருந்தால் உங்கள் அடி பித்தளைக்குப் போகாது, காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகும். பிஸ்டனை நேராகச் செருகுங்கள், கொஞ்சம் தண்ணீர் வழியும். இரண்டு பவுண்டு சுத்தியல் போதும். முதல் அடிக்குத் தொப்பென்று சத்தம் வரும், பிஸ்டன் கண்ணுக்குத் தெரிய இறங்கும், முகத்தில் தண்ணீர் தெறிக்கும் (கண்ணாடி போட்டிருங்கள்). இரண்டாவது அடிக்கு இறக்கம் குறையும். மூன்றாவது அல்லது நான்காவது அடியில் சத்தம் மாறி டங்கென்று கேட்கும், சுத்தியல் கையில் எம்பும். உள்ளே இனி போக இடமில்லை என்று அர்த்தம். அதற்குமேல் அடிப்பது பிரெஸ்ஸுக்குத்தான் கேடு.

பிஸ்டன் எவ்வளவு இறங்கவேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம், விற்பவர்கள் தரும் தாளில் இருக்க வேண்டிய எண் இது. கூட்டின் கொள்ளளவு சுமார் 3 கிரெய்ன் தண்ணீர் கூடவேண்டும், அது 0.19 கன சென்டிமீட்டர். 0.243 அங்குல விட்டமுள்ள பிஸ்டனின் முகப்பு 0.30 சதுர சென்டிமீட்டர். ஒன்றை ஒன்றால் வகுத்தால் ஆறரை மில்லிமீட்டர், அதாவது கால் அங்குலம். ஆகவே பிஸ்டனில் மார்க்கர் பேனாவால் கால் அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடுவரை வராமல் டங்கென்று கேட்டால் பிஸ்டன் எங்கோ முட்டுகிறது, அல்லது கூடு இளகவில்லை. கோட்டைத் தாண்டி இறங்கிக்கொண்டே போனால் தண்ணீர் கசிகிறது: பிரைமர் வழியாகவோ கழுத்து வழியாகவோ. கூட்டை வெளியே எடுக்காமலே எது சரி, எது பிழை என்று இந்தக் கோடு சொல்லிவிடும்.

இந்தக் கருவியின் எல்லையும் அழுத்தக் கணக்கிலேயே இருக்கிறது. பிஸ்டனின் முகப்பு 0.046 சதுர அங்குலம்தான். ஆகவே அடியின் கணத்தில் 500 பவுண்டு விசை விழுந்தாலே உள்ளே 10,000 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) மேல் ஏறும். கூட்டின் உடலை ஊத அது தாராளம். ஆனால் உடலும் தோளும் சேர்கிற முனை வேறு கதை. எவ்வளவு சின்ன வளைவோ அவ்வளவு அதிக அழுத்தம் வேண்டும். பலூனை ஊத முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கிறது, அதே நியாயம். வளைவு இறுக இறுகத் தேவைப்படும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஹைட்ரோ கூட்டின் தோள் முனை கூர்மையாக வராது, சோப்புக்கட்டி தேய்ந்ததுபோல மழுங்கி நிற்கும். சுடும்போது உள்ளே 50,000 பிஎஸ்ஐக்கு மேல் ஏறுவதால் அந்த முனை முதல் சூட்டிலேயே நறுக்கென்று நிமிர்ந்துவிடும். மழுங்கிய முனையைப் பார்த்து டை பழுது என்று திருப்பி அனுப்புவோர் இருக்கிறார்கள். பழுதில்லை, இயற்பியல்.

மழுங்கிய முனையால் பெரிய கேடில்லை. உண்மையில் பார்க்கவேண்டியது தோள் எந்த இடத்தில் நிற்கிறது என்பது. தோளில் பொருந்தும் கம்பரேட்டர் மாட்டிய டிஜிட்டல் காலிப்பரால் அடியிலிருந்து தோள்வரை அளந்து, உங்கள் சேம்பரில் ஏற்கெனவே சுட்ட ஒரு டேஷர் கூட்டோடு ஒப்பிடுங்கள். ஊசியைக் கழற்றிய போல்ட்டில் வெறுங்கூட்டைப் போட்டு மூடிப்பார்த்தால் கையே சொல்லும்: கைப்பிடி தானாக விழுந்தால் தோள் குட்டை, கடைசியில் லேசாகத் தடுத்தால் சரி. இரண்டு தௌ குட்டையாக இருந்தால் பரவாயில்லை. ஐந்து, ஆறு தௌ குட்டை என்றால் மேலே சொன்ன அதே இழுபறி, அளவு மட்டும் சின்னது. அப்படி வந்தால் டையைப் பிரெஸ்ஸில் இன்னும் திருகி இறக்கி, ஹோல்டர் டையின் அடியில் நன்றாக முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டாமல் இடைவெளி இருந்தால் இன்னொரு பிழையும் வரும்: கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி பிடிக்கிற எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்குச் சற்று மேலே, தாங்கல் இல்லாத இடத்தில் கூடு வயிறு தள்ளும். அந்த வயிற்றைச் சாதாரண சைஸிங் டை எட்டாது.

பிரெஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அலுமினியப் பிரெஸ்ஸில் இதைச் செய்யாதீர்கள். சுத்தியல் அடி முழுவதும் ராம் வழியாக இணைப்பு ஊசிகளில் இறங்குகிறது. வார்ப்பிரும்புப் பிரெஸ் தாங்கும், ஆனால் நூற்றுக்கணக்கில் அடித்தால் அதிலும் ஆட்டம் வரும். பந்தயக் கூடுகளைச் சைஸ் செய்யும் நல்ல பிரெஸ்ஸைத் தவிர்த்து, பழைய இரண்டாம் கைப் பிரெஸ் ஒன்றை இதற்கென ஒதுக்குவது புத்திசாலித்தனம். பிரெஸ் தேவையில்லாமல் தன் அடித்தட்டின் மேலேயே நிற்கும் டை கிடைத்தால் அதையே வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

வேகம் ஒரு கூட்டுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். நூறு கூடு கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மணி நேரம். அடுத்த வீட்டுக்காரர் பொறுமைசாலியாக இருப்பது அவசியம்.

ஈரம் போவது தனி வேலை. பழைய பிரைமரைத் தள்ளிவிட்டு, கூடுகளை வாய் கீழாகக் கவிழ்த்து, பழம் உலர்த்தும் டிஹைட்ரேட்டரில் 65 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் தீக்கண்ணில் நிற்கும் சொட்டும் போய்விடும். துணியால் துடைத்துவிட்டு அப்படியே வைத்தால் பிரைமர் குழியில் பச்சை பிடிக்கும்.

உடல் அகன்றதற்கும் தோள் நிமிர்ந்ததற்கும் பித்தளை எங்கிருந்தோ வரவேண்டுமல்லவா, அதனால் கூடு நீளத்தில் குறைந்திருக்கும். 1.560 அங்குலக் கூடு சுமார் 20 தௌ சுருங்கும், எல்லாம் ஒரே அளவில் சுருங்காது. நூறையும் அளந்து, மிகக் குட்டையானதற்கு மற்றவற்றை வெட்டி, வாயின் உள்ளும் புறமும் பிசிறு எடுங்கள். டேஷரின் கழுத்து ஏற்கெனவே குட்டை, கால் அங்குலத்துக்குச் சற்றே மேல். ஆகவே தேவைக்கு மேல் ஒரு தௌ கூட வெட்டாதீர்கள்.

கழுத்தின் வெளிப்புறத்தைச் சீவிக் கடைவதா வேண்டாமா என்பது சேம்பரைப் பொறுத்தது. கடையாத லபுவா 6 பிஆர் கழுத்தில் குண்டு ஏற்றினால் வெளிவிட்டம் 0.269 முதல் 0.270 அங்குலம் வரும். சேம்பரின் கழுத்து 0.272 என்றால் கடைய வேண்டாம். 0.268 என்றால் கடையாமல் உள்ளே போகவே போகாது. ஹைட்ரோ வழியில் வந்தால் கடைசலை வடிவம் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்: பழைய கழுத்தின் அடிப்பகுதிதான் இப்போது தோளாகிவிட்டது, அதைக் கடைந்து மெலிய வைப்பதில் அர்த்தமில்லை. இதிலேயே டேஷரின் ஒரு நல்ல குணமும் இருக்கிறது. தோளைப் பின்னால் தள்ளிச் செய்யும் வைல்ட்கேட்களில் தடித்த தோள் பித்தளை கழுத்துக்குள் வந்து, கழுத்தின் அடியில் டோனட் என்று சொல்லும் வளையத் தடிப்பு உண்டாகும்; குண்டு அதைத் தொட்டால் பிடிப்பு கூட்டுக்குக் கூடு மாறும். டேஷரில் தோள் முன்னால் போவதால் உருமாற்றும் வேலையால் அந்தத் தடிப்பு வருவதில்லை.

பிறகு அனீலிங். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அடிபட அடிபட விறைக்கும். பாத்திரம் அடிக்கும் கன்னார்கள் நடுநடுவே நெருப்பில் காட்டி ஆறவிட்டுத்தான் மறுபடி அடிக்கிறார்கள், அதே வேலைதான் இதுவும். ஹைட்ரோ அடித்ததும் ஒருமுறை, முதல் சூட்டுக்குப் பின் ஒருமுறை செய்தால் கழுத்து நாள்பட நிற்கும். தீச்சுடரில் செய்பவர்கள் கழுத்தின் உள்ளே 750 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் டெம்பிலாக் பூச்சு, உடலின் நடுவில் 450 டிகிரி பூச்சு தடவிக்கொண்டு, மேலே உருகி, கீழே உருகாத நேரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். அடிப்பாகத்தை ஒருபோதும் இளக்கக் கூடாது. முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். அடி சூடேறிய கூடு குப்பைக்குத்தான்.

இத்தனை வேலைக்கும் மாற்று இருக்கிறதே என்று கேட்டால், இருக்கிறது. ஆல்ஃபா, பீட்டர்சன், நார்மா மூவரும் அடியில் டேஷர் என்றே முத்திரையிட்ட ஆயத்தக் கூடு விற்றிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து மருந்து ஏற்றலாம். டேஷர் ஒன்றுக்காக மட்டும் ஹைட்ரோ டை வாங்க நினைப்பவர் முதலில் ஆயத்தக் கூட்டையே வாங்கிப் பார்க்கட்டும்; பெரும்பாலானோருக்கு அதுவே போதும்.

எல்லோருக்கும் என்று சொல்ல முடியாததற்குக் காரணம், சேம்பரைக் குடையும் வெட்டுக்கருவியான ரீமர். டேஷர் காட்டுப்பூனையாகப் பிறந்ததால் ஒவ்வொரு ரீமர் செய்பவரும் துப்பாக்கிக் கொல்லரும் தமக்கென ஒரு வரைபடம் வைத்திருக்கிறார்கள். அடி விட்டம், தோள் விட்டம், கழுத்து மூன்றிலும் ஒன்றிரண்டு தௌ வித்தியாசம். ஆயத்தக் கூடு ஒருவர் சேம்பரில் தளர்ந்து ஆடும், இன்னொருவர் சேம்பரில் அடிப்பாகம் இறுகும். இறுகிய அடி சில சூடுகளுக்குப் பின் போல்ட்டைத் தூக்கும்போது உச்சியில் ஒரு கிளிக் தரும். சைஸிங் டை அந்த இடத்தைச் சுருக்கவில்லை என்று பொருள். ஆயத்தக் கூடோ ஹைட்ரோ டையோ, எதை வாங்கினாலும் உங்கள் குழாயைச் செய்தவரிடம் ரீமர் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அதை டை விற்பவருக்கு அனுப்பிவிட்டுப் பணம் கட்டுங்கள். நல்ல டைக்காரர் அவரே கேட்பார். கேட்காதவரிடம் வாங்காதீர்கள்.

ஒரே லாட்டில் 500 லபுவா 6 பிஆர் கூடு ஏற்கெனவே கையில் வைத்திருப்பவருக்கு இந்த டை நன்றாகவே ஈடுகட்டும். ஆயத்தக் கூடே இல்லாத, இன்னும் பேர்கூட நிலைக்காத வைல்ட்கேட் வைத்திருப்பவருக்கோ வேறு வழியே கிடையாது. மாறாக 6 பிஆர்ஏ (6 பிஆரின் இன்னொரு உருமாற்றம்) வைத்திருப்பவர் இதைத் தொடவே வேண்டாம்: அதில் தோள் 40 டிகிரிக்கு நிமிர்ந்தாலும் கழுத்தும் தோளும் சேரும் இடம் தாய்க்கூட்டில் இருந்த அதே இடம். கூடு அங்கே முட்டிக்கொண்டு நிற்பதால் பொய்த்தோளும் தேவையில்லை, தண்ணீரும் தேவையில்லை.

இது கையில் எடுக்க முடிகிற வேலை அமெரிக்கா போன்ற நாடுகளில் இருப்பவர்களுக்குத்தான். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959, 5ஆம் பிரிவின்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதோ மாற்றியமைப்பதோ குற்றம். துப்பாக்கி உரிமம் இருப்பதும் அந்த உரிமமும் ஒன்றல்ல.

கடைசியாக, பெட்டியில் ஒட்ட வேண்டிய சீட்டு. லபுவா கூட்டை எவ்வளவு அழகாக டேஷராக மாற்றினாலும் அடியில் இருக்கும் எழுத்து 6 எம்எம் பிஆர் நார்மாதான். உருமாறிய கூடு பிஆர் சேம்பரில் போகாது, அதனால் அந்தப் பக்கம் விபத்தில்லை. உருமாறாத கூடு டேஷர் சேம்பரில் சத்தமில்லாமல் போய்விடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். உருமாறியதன் அடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு இழுங்கள், கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரத்தில் போடும்போது அழிந்தால் மறுபடி இழுங்கள்.